கீழ் வலது ஆறு

கெட்டுப்போன பல்லைத்தான் பிடுங்குவார்கள். எங்களுக்கு வேண்டியது கெடாத பல். பல் மருத்துவம் இரண்டாம் வருடம் படிக்கிறவர்களின் தலைவலி முழுக்க இதற்குள் அடங்கிவிடும்.

நோயாளியின் வாயில் கைவைக்க இன்னும் ஒரு வருடம் இருந்தது. அதுவரை லேப்தான். முதல் வருடம் மெழுகுக் கட்டியில் பல் செதுக்கினோம். இப்போது நிஜப் பல். யாரோ எங்கோ பிடுங்கிப் போட்டதைத் தேடிப் பொறுக்கி வந்து, கழுவி, மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிளாஸ்டர் கட்டியில் கழுத்துவரை புதைத்து, அதில் ட்ரில் பிடித்துக் குழி வெட்டப் பழக வேண்டும். சொத்தை இல்லாத பல்லில் சொத்தை இருப்பதாக நினைத்துக்கொண்டு வெட்ட வேண்டும். நிஜமாகவே சொத்தையான பல் உதவாது. முனை பட்டதும் பொலபொலவென்று உதிரும். குழியின் சுவர் நிற்காது. அளக்க வருகிற மேடத்துக்கு அளக்க ஒன்றும் இருக்காது.

அந்த வெள்ளிக்கிழமை லேப் மேடம் என் பிளாஸ்டர் கட்டியை எடுத்து விளக்கடியில் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன?"

"கீழ் ஆறு, மேடம்."

முன்பல்லின் நடுவிலிருந்து எண்ணிக்கொண்டு போனால் ஆறாவதாக வருவது. கடைவாய்ப்பல்லில் முதலாவது. சாப்பாட்டில் பாதியை அரைப்பது அதுதான்.

"கீழ் ஆறா? பாதி இடிஞ்சு கெடக்கு. குட்டிச்சுவருக்கு யாராவது பெயின்ட் அடிப்பாங்களா?" பின்வரிசை சிரித்தது. மேடம் கட்டியை என் முன்னால் வைத்தார். "திங்கட்கிழமை டெஸ்ட். மேல்பாகம் முழுசா இருக்கிற ஒரு கீழ் ஆறு கொண்டா. இல்லன்னா உட்காராத. இதுல தேறாதவங்களுக்கு அடுத்த வருஷம் நோயாளி கிடையாது. இதே ஸ்டூல்தான்."

எங்கள் வீட்டிலிருந்து பத்தாம் வகுப்பைத் தாண்டியவளே நான் ஒருத்திதான். அப்பா கட்டடங்களில் கம்பி கட்டுகிறவர். அப்பாவின் தங்கை, என் அத்தை, அதே கட்டடங்களில் சித்தாள். கலவைச் சட்டியைத் தலையில் வைத்து மாடி மாடியாக ஏற்றுகிறவள். எங்களோடுதான் இருக்கிறாள். "ஒரு வருடம் பின்தங்கிவிட்டேன்" என்று அந்த வீட்டுக்குள் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. பல் கிடைக்கவில்லை என்று காரணம் சொன்னால், ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பல் இல்லையா என்று கேட்பார்கள்.

பக்கத்து ஸ்டூல்காரனுக்கு மெழுகு என்று பெயர். முதல் வருடம் மெழுகில் அவன் செதுக்கிய பல்லை நிஜப் பல் என்று ஒரு சார் ஏமாந்ததிலிருந்து அப்படித்தான். அவன் தாய்மாமா பல் டாக்டர். ஒரு ஊறுகாய் ஜாடி நிறையப் பல் வைத்திருந்தான்.

"டேய், ஒண்ணு குடுடா."

"எது வேணும்? மேல் நாலா? அள்ளிக்கோ. பல்லுக்குக் கம்பி போடறவங்க பிடுங்கிப் போடறதுதானே, கொட்டிக் கெடக்கு."

"கீழ் ஆறுடா."

"கிட்னி கேளு, தரேன்."

"உன்கிட்ட மூணு இருக்கு. நான் பாத்தேன்."

"ஒண்ணு டெஸ்டுக்கு, ஒண்ணு டெஸ்டுல கை தவறினா, ஒண்ணு அதுலயும் கை தவறினா." ஜாடியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டான். "உங்க ஏரியாவுல யாருக்குமே பல்லு வலிக்காதா?"

வலித்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது அத்தை சுவரோரம் கன்னத்தைக் கையில் ஏந்தி உட்கார்ந்திருந்தாள். சிமென்ட் படிந்த விரல்கள் கன்னத்தில் சாம்பல் நிறத்தில் அச்சாகியிருந்தன. நான்கு நாளாகவே வலிக்கிறது. கிராம்பு எண்ணெய் வைத்துப் பார்த்துவிட்டாள். சட்டி தூக்கும்போது படிக்குப் படி பல் துடிக்கிறதாம்.

"வந்துட்டா எங்க பல்லு டாக்டரு," என்றாள். "ஏண்டி, இத்தனை நாள் படிச்சதுக்கு என் வாயைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லேன்."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பையிலிருந்து வாய்க்கண்ணாடியை எடுத்தேன். அத்தையை ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்து, அம்மாவை டார்ச் பிடிக்கச் சொன்னேன். உயிருள்ள ஒரு வாய்க்குள் நான் கண்ணாடி விட்டது அதுதான் முதல் தடவை. லேப்பில் இருப்பது பொம்மைத் தலை. அதற்கு எச்சில் ஊறாது, மூச்சு அடிக்காது, நாக்கு வந்து கண்ணாடியைத் தள்ளாது.

"எந்தப் பல்லு அத்தை?"

"அதைத்தானே உன்னைக் கேக்கறேன். மேலயா கீழயான்னு தெரியல. இந்தப் பக்கம் முழுக்கத் தெறிக்குது. மேல ஒரு சந்துல சாப்பாடு போய் மாட்டுது, குச்சி வெச்சுக் குத்தினா உயிரே போகுது."

மேலே பார்த்தேன். மேல் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் இருட்டாக இருந்தது. வேறொன்றும் தெரியவில்லை. பிறகு கண்ணாடியைக் கீழே சாய்த்தேன்.

கீழ் வலது ஆறு. அரைக்கிற பரப்பின் ஐந்து குன்றும் தேயாமல், நடுப்பள்ளம் கிளை பிரிந்து, புத்தகத்தில் முதல் பக்கத்தில் போட்டிருக்கிற படம் மாதிரி இருந்தது. பள்ளத்தில் மட்டும் மயிரிழைக் கறுப்புக் கோடு. நான் அதைப் பார்த்த விதத்தை இப்போது சொல்லியாக வேண்டும். அத்தையின் பல்லாக அதை நான் பார்க்கவில்லை. மெழுகின் ஜாடிக்குள் இருப்பதைப் பார்ப்பது போலப் பார்த்தேன்.

கண்ணாடிக் காம்பால் தட்டினேன். மேல் ஆறைத் தட்டியதும் அத்தையின் தோள் காதுவரை ஏறி இறங்கியது. கீழ் ஆறைத் தட்டினேன். ஒன்றும் இல்லை. இன்னும் பலமாகத் தட்டினேன்.

"நீ அடிக்கிற அடிக்குப் பொணத்தோட பல்லுகூட வலிக்கும்," என்றாள் அத்தை. அம்மா சிரித்ததில் டார்ச் வெளிச்சம் கூரைக்குப் போனது.

"அப்ப வலிக்குதுல்ல?"

"வலிக்குது, வலிக்குது. என்னன்னு சொல்லு."

"கீழ் பல்லு," என்றேன்.

எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாம் வருடக்காரிக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்பார்கள். தோள் ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். மறுபடி மேலே தட்டிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை எங்கள் கடைத்தெரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அந்த டாக்டர் எனக்குப் பழக்கம். பிடுங்கிய பல்லில் தேறுவதை எனக்காகப் பாட்டிலில் போட்டு வைப்பார், பெரும்பாலும் தேறாது. வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். உள்ளே இரண்டு நாற்காலி, ஒரே டாக்டர், கைகழுவ ஒரு தொட்டி.

"வாம்மா வருங்கால டாக்டர். என்ன கேஸு?"

"எங்க அத்தை, சார். கீழ் வலது ஆறு. நாலு நாளா வலி. தட்டினா வலிக்குது." பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை.

டாக்டர் உள்ளே பார்த்தார். "கோடுதானேம்மா இருக்கு. பல்லு நல்லாத்தானே தெரியுது?"

"உள்ள ஆழமா இருக்கும்போல, சார். ராத்திரியெல்லாம் தூங்கல."

"ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாமா? ரெண்டு தெரு தள்ளிப் போகணும்."

அத்தை என்னைப் பார்த்தாள். நான் எடுக்கலாம் என்று சொல்லியிருந்தால் எடுத்திருப்பாள். நான் தரையைப் பார்த்தேன்.

"படமெல்லாம் எதுக்கு டாக்டரய்யா?" என்றாள் அத்தை. "மதியம் கான்கிரீட் போடறாங்க, நான் போகணும். அதான் எங்க வீட்டுப் புள்ளையே பாத்துட்டாளே. பிடுங்கி விடுங்க, சனியன் தொலையட்டும்."

டாக்டர் ஊசி போட்டார். மரத்துப்போகட்டும் என்று அடுத்த நாற்காலிக்குப் போனார். அங்கே ஒரு ஆள் பல் கட்டுவதற்கு வாயில் அச்சு மாவை வைத்துக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அத்தை கீழ் உதட்டை விரலால் கிள்ளிப் பார்த்தாள்.

"உதடு தடிச்சுப் போச்சு. பாதி நாக்கைக் காணோம்." கொஞ்சநேரம் எதையோ கவனிப்பது போல உட்கார்ந்திருந்தாள். பிறகு என் கையைத் தொட்டாள். "ஆனா வலி அப்படியே இருக்குடி. மேலே தெறிக்குது."

இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் லேப் மேடம் சொல்லியிருந்தார். மேல் பல் கெட்டால் கீழ் பல் வலிப்பது போலவும், கீழ் பல் கெட்டால் மேல் பல் வலிப்பது போலவும் நோயாளிக்குத் தோன்றும். கீழே நன்றாக மரத்த பிறகும் வலி நிற்கவில்லை என்றால் குறடைத் தொடாதே, மேலே பார். இதைக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தேன். சிவப்பு மையில்.

டாக்டர் நான்கடி தூரத்தில் நின்றார். "சார்" என்றால் திரும்பியிருப்பார்.

"பயத்துல அப்படித்தான் தோணும் அத்தை," என்றேன்.

அத்தை தலையாட்டினாள். நான் சொன்னதால் ஆட்டினாள்.

நல்ல பல் நல்ல எலும்பில் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். டாக்டருக்கு நெற்றி வியர்த்தது. குறடு இரண்டு தடவை வழுக்கியது. "என்னம்மா இது, ஆணி அடிச்ச மாதிரி இருக்கு," என்றார். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். கலவைச் சட்டி தூக்குகிற கை. எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது. எனக்கு அப்போது இருந்த கவலை ஒன்றுதான்: பல் உடையாமல் வரவேண்டும்.

உடையாமல் வந்தது. இரண்டு வேரும் முழுசாக. டாக்டர் அதைத் தட்டில் போட்ட சத்தம் கேட்டதும், அத்தையின் வாயில் பஞ்சு வைப்பதற்கு முன்பே, "சார், அதை நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன்.

அத்தை ரத்தத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். பஞ்சைக் கடித்துக்கொண்டு, சொல்ல முடியாத வாயால் சொன்னாள்: "எடுத்துக்கோ. உனக்காவது உதவட்டும்."

வீட்டுக்கு வந்து பல்லைக் கழுவினேன். வேரில் ஒட்டியிருந்த சதையைச் சுரண்டினேன். டம்ளரில் போட்டு ஜன்னலில் வைத்தேன். அத்தை மத்தியானம் வேலைக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் வலி நிற்கவில்லை. பிடுங்கிய புண் வலிக்கத்தான் செய்யும் என்று அம்மா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையும் நிற்கவில்லை. நான் மாத்திரை வாங்கி வந்து கொடுத்தேன். அத்தை விழுங்கிவிட்டு, ஜன்னலில் இருந்த டம்ளரைக் காட்டிச் சிரித்தாள். "பாவி, வெளிய வந்து தண்ணியில குளிக்கிறான். வலி மட்டும் உள்ள இருக்கு." அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் முகத்தில் எங்கோ ஒட்டியிருக்கிறது.

திங்கட்கிழமை டெஸ்ட். பிளாஸ்டர் கட்டியைப் பொம்மை வாயில் பொருத்தி, ட்ரில்லின் பெடலை மிதித்தேன். பல் ட்ரில் முனையை ஏற்க மறுத்தது. கண்ணாடி போல இறுக்கம். தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினேன். கறுப்புக் கோடு முதல் சுற்றிலேயே காணாமல் போனது. அதற்குக் கீழே வெள்ளை. அதற்கும் கீழே உள்பல், தேய்த்த பித்தளை நிறத்தில், ஒரு புள்ளி கறுப்பு இல்லாமல். ஆழமாக ஏதோ இருக்கும் என்று டாக்டரிடம் சொன்னேனே, அது எங்கே என்று என் கை தேடியது. குழியைக் காட்டிலும் ஒரு நூல் ஆழம் தேடியது. இல்லை. பல் எரிகிற வாசனை மட்டும் வந்தது. லேப்பில் எல்லா நாளும் வருகிற வாசனைதான்.

மேடம் வந்து ஊசிமுனையை விட்டு அளந்தார். நான்கு சுவரையும் தடவினார். கட்டியைக் கழற்றி எடுத்து வகுப்புக்குக் காட்டினார்.

"எல்லாரும் இங்க பாருங்க. தரை சமமா இருக்கு. சுவர் நிக்குது. இதுதான் குழி." என்னைப் பார்த்து, "இருபதுக்குப் பதினேழு," என்றார். அப்புறம் பல்லை வெளிச்சத்தில் உருட்டினார். "எங்க கெடச்சுது?"

"கிளினிக்குல, மேடம்."

"கோடு வெறும் கறைதான் போல. சொத்தையே இல்ல. இப்படி ஒரு பல்லை எந்த மடையன் பிடுங்கினான்?"

வகுப்பு சிரித்தது. மெழுகு என் முழங்கையை இடித்தான். "கில்லாடி. என் மூணுக்கும் இந்த ஒண்ணைக் குடுக்கறியா?"

நான் ட்ரில்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த ட்ரில்லையே மறுபடி துடைத்தேன். மதிப்பெண் பதிந்ததும் கட்டியை எங்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வெள்ளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். உள்ளங்கையளவு பிளாஸ்டர். கலவைச் சட்டி மாதிரி கனத்தது என்று எழுத ஆசைதான், கனக்கவில்லை. காலியாக இருப்பது போல லேசாக இருந்தது, அதுதான் பொறுக்கவில்லை.

வீட்டில் அத்தை கேட்டாள். "எத்தனை?"

"பதினேழு. இருபதுக்கு."

"கேட்டியா அண்ணே," என்று அப்பாவிடம் திரும்பினாள். "என் பல்லு பாஸாயிடுச்சு. நான்தான் ஸ்கூல் போகல, என் பல்லு காலேஜுக்குப் போயிட்டு வந்துடுச்சு." சொல்லிக்கொண்டிருக்கும்போதே முகம் சுருங்கியது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, இன்னொரு தடவை பாரேன். டார்ச்சைக் கொண்டாரச் சொல்லு."

"நான் பாக்கல அத்தை."

"ஏன்? பதினேழு வாங்கினதும் கண்ணு தெரியலையா?"

"நாளைக்கு எங்க காலேஜுக்கு வா. அங்க பாப்பாங்க."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை வெளிநோயாளிகள் பிரிவில் லேப் மேடம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அங்கே டியூட்டி என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு நாள் கூட்டிவந்திருப்பேனோ என்னவோ. அத்தையை நாற்காலியில் சாய்த்து, மேல் ஆறைத் தட்டினார். அத்தை நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில், நான் பார்த்த அந்த இருட்டு, வேர்க்கால்வரை போயிருந்தது.

"இதுதான் ஒரு வாரமா உங்களைப் படுத்துது," என்றார் மேடம். அப்புறம் கண்ணாடி கீழே போனது. நின்றது. "கீழ புண்ணு புதுசா இருக்கே. இங்க இருந்த பல்லு எப்பப் பிடுங்கினது? அது கெட்டிருந்துச்சா?"

அத்தையின் வாய் திறந்திருந்தது. கண்ணாடியும் விரலும் உள்ளே இருந்தன. பேச முடியாது. கண் மட்டும் திரும்பி என்மேல் நின்றது. அந்தக் கண்ணில் கோபமில்லை. என்னிடம் கேள்வி கேட்டிருக்கிறார்கள், நான் சொல்லுவேன் என்ற நம்பிக்கைதான் இருந்தது.

கோட்டுப் பையிலிருந்து கட்டியை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

மேடம் அதைப் பார்த்தார். நேற்று அவரே தூக்கிப் பிடித்துக் காட்டிய குழி. புண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தட்டிப் பாத்தது யாரு?"

"நான்தான், மேடம்."

"கீழ தட்டினப்ப வலிச்சுதா?"

"இல்ல."

"மரத்த பிறகு?"

"வலி அப்படியே இருக்குன்னு சொன்னாங்க."

"டாக்டர்கிட்ட நீ சொன்னியா?"

"சொல்லல."

"ஏன்?"

"டெஸ்டுக்குப் பல்லு இல்ல, மேடம்."

மேடம் அத்தையின் வாயிலிருந்து கண்ணாடியை மெதுவாக எடுத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் என்னிடம் பேசவேயில்லை. அத்தையிடம்தான் பேசினார்.

"மேல் பல்லைக் காப்பாத்திடலாம்மா. மூணு தடவை வரணும். ஆனா அது மென்னு அரைக்கக் கீழ துணை இல்ல. இந்தப் பக்கம் இனிமே பழைய மாதிரி இருக்காது."

அத்தை தலையாட்டினாள். தட்டில் இருந்த கட்டியை எட்டி எடுத்தாள். பல்லின் மேல் கட்டை விரலை வைத்துத் தடவினாள். விரல் குழியில் போய் நின்றது.

"ஓட்டை இப்பப் போட்டதா?" என்று கேட்டாள்.

"ஆமா அத்தை."

"அதுக்கு முன்னால?"

"இல்ல. நல்லா இருந்துச்சு."

கட்டியை இருந்த இடத்திலேயே வைத்தாள். ஊசி போட்டு, மேல் பல்லைத் திறந்து மருந்து வைத்து அனுப்பினார்கள். ஒரு வாரமாக இருந்த வலி அரைமணி நேரத்தில் போனது. போகும்போது மேடத்திடம் நான் கேட்டேன், மார்க்கை அடித்துவிடுங்கள் என்று.

"எதுக்கு? குழி நல்லாத்தான் இருக்கு," என்றார். "பதினேழு பதினேழாவே இருக்கட்டும். அதைப் பாத்துக்கிட்டே படி. அந்த டாக்டர்கிட்ட போய் நீயே சொல்லு."

வராந்தாவில் அத்தை எனக்கு முன்னால் நடந்தாள். மேல் உதடு மரத்து ஒரு பக்கம் தொங்கியது. படி இறங்கும் இடத்தில் நின்று, திரும்பாமல் சொன்னாள்:

"ஊசி போட்டப்பவே சொன்னேன்ல?"

"சொன்னே."

"பயம்னு சொன்னே நீ. எட்டு மாடி, பலகைமேல நின்னு சட்டி வாங்கறவ நான். எனக்குப் பயம்னு சொன்னே."

படி இறங்கிப் போனாள். வீட்டில் அப்பாவிடமும் அம்மாவிடமும் அவள் சொல்லவில்லை. நான்தான் அன்று சாயங்காலமே சொன்னேன். முதலில் கிளினிக்குக்குப் போய் டாக்டரிடம், பிறகு வீட்டில். டாக்டர் பெஞ்சில் இருந்த கூட்டத்தையும் மறந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த கையைக் கழுவிவிட்டு வெளியே போனார்.

அத்தை சாப்பாட்டை இடது பக்கமே ஒதுக்கி மென்றாள். பழக்கம் இல்லாததால் ரொம்ப நேரம் ஆனது. எல்லாரும் எழுந்த பிறகும் அவள் மென்றுகொண்டிருந்தாள். எதிரில் நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகவும் முடியவில்லை, அவள் வாயைப் பார்க்கவும் முடியவில்லை.

"என்ன பாக்கறே?" என்றாள் அத்தை. "தண்ணி எடுத்து வை."

எடுத்து வைத்தேன்.